மூன்றால் பெருக்கிய சம்பளம்

கடன் படிவத்தை என் மருமகள் ஒரு சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் கல்லூரிக்குப் போவாள். போடாவிட்டால் இந்த வருடம் இல்லை. இந்த வருடம் இல்லையென்றால் இனி என்றைக்கும் இல்லை என்று அவளே சொன்னாள். முப்பத்தொரு வயது முடிந்துவிட்டது, இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் தள்ளிப்போடுவாள்.

என் கையெழுத்து எதற்கு என்று கேட்பீர்கள். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் அது. மாதம் ஐந்து மலேசிய வெள்ளி, பத்து வெள்ளி என்று கட்டி, ஒரு மாதம்கூட விடாமல் நாற்பது வருடத்துக்கு மேல் உறுப்பினர். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன் கொடுப்பார்கள். உறுப்பினர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டுப் பத்திரத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டும். கூலாயில் இருக்கிற இந்த வீடு என் பெயரில் இருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது கையில் கொடுத்த காசையும், பிறகு செனாய் தொழிற்சாலையில் பதினேழு வருடம் நின்றுகொண்டே வேலை செய்து சேர்த்ததையும் போட்டு வாங்கிய வீடு. அதில் என் வீட்டுக்காரர் மூன்று வருடம்தான் இருந்தார்.

மருமகள் அப்போது கூலாயில் ஒரு மிருக வைத்தியரின் கிளினிக்கில் ஐந்து வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். கூண்டு கழுவுவது, நாயைப் பிடித்துக்கொள்வது, பூனைக்கு நகம் வெட்டுவது. சம்பளம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி. உறவுக்காரர்கள் கேட்டால் நான் "கிளினிக்ல நர்ஸ்" என்று சொல்லிவிடுவேன். எந்தக் கிளினிக் என்று யாரும் கேட்டதில்லை, நானும் விளக்கியதில்லை. இப்போது அவள் கேட்டது வெட் டெக்னீஷியன் பட்டப்படிப்பு. டாக்டர் ஆகிற படிப்பு இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மயக்க மருந்து பார்ப்பது, எக்ஸ்ரே எடுப்பது, ரத்தம் எடுத்துச் சோதிப்பது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில், வேலை செய்கிறவர்களுக்காகச் சனி ஞாயிறில் நான்கு வருடம் நடத்துகிறார்கள்.

அன்று மகன் வீட்டில் இருந்தான். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை அவனுக்கு. தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவன். படிவத்தைப் பார்த்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாய் பூனைக்கு ஊசி போட டிகிரியா? அதான் இப்பவே செய்யறியே."

"நான் எங்கங்க போடறேன்? புடிச்சிக்கிட்டு நிக்கறேன். போடறது வேற ஆளு."

"புடிச்சிக்கிட்டு நிக்கறதுக்கே சம்பளம் தராங்கல்ல? நின்னுட்டுப் போ லா."

 பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். பின்பக்கம் முழுக்க எண்கள்.

"அத்தை, பாருங்க. சிங்கப்பூர் கிளினிக்ல டிகிரி வெச்சிருக்கறவங்களுக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர் தராங்களாம். மூணால பெருக்குங்க. ஒரு டாலருக்கு மூணு வெள்ளிக்கு மேலயே வருது, நான் கொறச்சே போட்டிருக்கேன். எட்டாயிரத்து நானூறு வெள்ளி. மொத்தக் கடனையும் ரெண்டே வருஷத்துல அடைச்சிறலாம்."

மகன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது. "அம்மாவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கேட்டுப் பாரு."

உண்மைதான். சிங்கப்பூரை ஒட்டி ஜொகூரில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. யார் என்ன சம்பளம் சொன்னாலும் மனது உடனே மூன்றால் பெருக்கிவிடும். மகன் பத்தொன்பது வயதில் கம்ப்யூட்டர் டிப்ளோமாவுக்கு அரசாங்கப் படிப்புக் கடன் எடுத்தபோது இதே மேசையில் இதே கணக்கைத்தான் எனக்குப் போட்டுக் காட்டினான். அப்போது டாலருக்கு இரண்டுதான், இரண்டால் பெருக்கினான். சிங்கப்பூர் போனால் இரண்டே வருடம் என்றான். சிங்கப்பூர் போகத்தான் செய்தான், ஆனால் கம்ப்யூட்டர் வேலைக்கு இல்லை, பெட்டி தூக்க. அங்கேயே நாலு பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். எப்போது கட்ட வேண்டும் என்று கடன் கொடுத்தவர்களே எழுதிச் சொல்வார்கள் என்று இருந்துவிட்டான். அந்தக் காலத்தில் படிப்புக் கடன் கட்டாதவர்களின் பெயரை எல்லைக் குடிநுழைவில் கொடுத்து, நாட்டை விட்டுப் போகவிடாமல் தடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து திரும்பிப் போகும்போது சிங்கப்பூருக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கமே அவனை இறக்கிவிட்டார்கள். பின்னால் ஐந்நூறு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்க, இவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தானாம். வேலை போயிற்று. என் தாலிச்செயினை அடகு வைத்து முன்பணம் கட்டி, பெயரைத் தடுப்பிலிருந்து எடுக்க நாலு மாதம் ஆயிற்று. சிங்கப்பூர் சம்பளத்தை நம்பி எடுத்த கடன் அவனைச் சிங்கப்பூருக்கே போகவிடாமல் செய்தது.

"ஒரு கடுதாசி அனுப்புனானுங்களா? ஒண்ணு? கேக்காம கொள்ளாம ரோட்ல வெச்சுப் புடிச்சானுங்க" என்று அவன் அன்றைக்குச் சொன்னான். அதற்குப் பிறகும் கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் என்று எங்கே கடன் பேச்சு வந்தாலும் இதைச் சொல்வான்.

கடுதாசி வந்தது. பதினொன்று வந்தது.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போயிருக்கிறேன். மலாய் நன்றாகப் பேசுவேன், அதன் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அரசாங்கக் காகிதம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடிமக்களுக்குத் தருகிற நீல அடையாள அட்டை கிடைக்காமல் என் அப்பா சிவப்பு அட்டையோடே செத்துப்போனார். எனக்கு நீல அட்டை வாங்க ஒன்பது வருடம் அலைந்திருக்கிறேன். அப்படி வளர்ந்தவர்கள் அரசாங்க முத்திரை போட்ட உறையைக் கண்டால் மேசையில் போட மாட்டோம். கிழிக்க மாட்டோம். பூட்டித்தான் வைப்போம். மகன் பெயருக்கு வந்த பழுப்பு உறைகளை வந்தது வந்தபடி, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் வரும்போது கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, அவன் "என்னம்மா இது" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாதே என்று அதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது அப்படியே மறதியில் போய்விட்டது.

அவன் பாலத்திலிருந்து திரும்பி வந்த மறுநாள் எனக்கு நெஞ்சில் தட்டியது. உறைகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் மாறி உலு திராம் வரை போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நகல் எடுக்கும் கடைக்காரரிடம் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் படிக்கச் சொன்னேன். அவர் மூன்றைப் படித்துவிட்டு, "எல்லாம் இதேதாம்மா, பணம் கட்டச் சொல்றாங்க, கடைசில பேரத் தடுப்போம்னு போட்டிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பின்கட்டில் எரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மகன் கோயிலில் நின்று அரசாங்கத்தைத் திட்டும்போது நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

இதை எல்லாம் வைத்துக்கொண்டு நான் எப்படி அந்தப் படிவத்தைப் பார்ப்பது? ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அது அங்கேயே கிடந்தது. மருமகள் அதைச் சுற்றித் தட்டு வைத்தாள், கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிட மோசம்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு முடிவு செய்தேன். அவள் சொல்கிற சம்பளத்தை நானே போய் விசாரிப்பது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் பூனைக்குக் காதில் புண். நானே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று கூடையோடு வாங்கிக்கொண்டு, கார் பிடித்து அவள் வேலை செய்கிற கிளினிக்குக்கே போனேன். பூனை வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

முன் மேசையில் நாற்பது வயது இருக்கும் ஒரு சீனப் பெண். மலாயில் பேசினோம்.

"பூனை பேர் என்ன, ஆன்ட்டி?"

எனக்குத் தெரியவில்லை. "பூனை" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.

கூட்டம் இல்லை. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். இந்த வேலைக்குப் படித்தாயா, எவ்வளவு செலவு, எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். வயதானவர்கள் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அது ஒரு வசதி. அவள் அதே பட்டம் படித்தவள்தான். இங்கே இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.

"அவ்வளவுதானா? சிங்கப்பூர் போக வேண்டியதுதானே?"

"போனேன் ஆன்ட்டி. நாலு வருஷம், தினம் நாலு மணிக்கு எழுந்து. அங்க நாயெல்லாம் நல்லா இருந்துச்சு. நான்தான் நல்லா இல்ல."

"கடன்?"

"அத மட்டும் அடைச்சிட்டேன். அடைச்ச அன்னிக்கே வேலைய விட்டுட்டேன்."

அப்போது உள்ளே இருந்து டாக்டரின் குரல் சத்தமாக வந்தது. அவள் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மேசையில் ஒரு பெரிய பழுப்பு நாய் மயக்கத்தில் கிடந்தது. டாக்டரின் இரண்டு கையும் அதன் வயிற்றுக்குள். தலைமாட்டில் என் மருமகள். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். வீட்டில் நான் கேட்டிராத குரல் அது, தணிவாக, ஆனால் அவசரமாக. பக்கத்திலேயே ஒரு மெஷின் இருந்தது, கை நீட்டினால் எட்டும். அவள் நீட்டவில்லை. சீனப் பெண் வந்து சேர்ந்து அதன் குமிழைத் திருப்பினாள். பிறகு மூன்று பேரும் அசையாமல் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடையின் பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று பிறகு உள்ளங்கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாய் பிழைத்தது. சீனப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த இந்தியப் பொண்ணுதான் மொதல்ல பாத்தா. ஈறு வெளுத்துப்போச்சு, மயக்கம் அதிகமாயிருச்சுன்னு. ஆனா அந்த மெஷின அவ தொடக் கூடாது. நான் வர்ற வரைக்கும் நிக்கணும்."

"ஏன் தொடக் கூடாது?"

"பேப்பர் இல்ல ஆன்ட்டி."

"அவ என் மருமக" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மருமகளே வெளியே வந்தாள். "அத்தை! நீங்க எங்க இங்க? இது பக்கத்து வீட்டுப் பூனையாச்சே!"

"காது சரியில்ல" என்றேன். வேறு என்ன சொல்வது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்ததும் நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எழுதிக் கணக்குப் போட எனக்கு வராது, மனக்கணக்கு வரும். தோட்டத்தில் தினம் எத்தனை கிலோ பால், எத்தனை காசு என்று கணக்கெழுதுகிற கிராணி சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

"சிங்கப்பூர அழி" என்றேன். "இங்கயே இருந்தா என்ன? சம்பளம் அறுநூறு வெள்ளி கூடும். அதுவும் நாலு வருஷம் கழிச்சு. கடன் மாசம் முந்நூத்தி எம்பது, இந்த மாசத்துலருந்து, பத்து வருஷம். கட்டறது நாப்பத்தஞ்சாயிரத்து அறுநூறு. பத்து வருஷத்துல கூட வர்றது ஆறு வருஷச் சம்பளம், நாப்பத்து மூவாயிரத்து எரநூறு. ரெண்டாயிரத்து நானூறு நஷ்டம். பெட்ரோல் போடல, டோல் போடல, சனிக்கிழமை ஓவர்டைம் போறது போடல."

அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கணக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சிங்கப்பூரை மேலே எழுதியிருக்கிறாள்.

"பத்து வருஷத்துக்கு அப்பறம் நல்லா இருக்கும்ல, அத்தை."

"அப்ப ஒனக்கு நாப்பத்தொண்ணு. நஷ்டம்னு தெரிஞ்சே எறங்கறியா?"

"நீங்க செனாய்ல பதினேழு வருஷம் நின்னீங்க. உக்காந்திருந்தவங்க யாரு?"

"சூப்பர்வைசருங்க. பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் பாஸ் பண்ணவளுங்க."

"அவங்க உங்கள விட நல்லா வேல செஞ்சாங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை விட நல்லா அந்த லைன்ல எவளும் செஞ்சதில்ல."

"அதான் அத்தை" என்றாள். எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மகன் கொஞ்சம் சீக்கிரமே வந்தான். குளித்துவிட்டு வந்து நேராகப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தான்.

"நாளைக்கு நீங்க போக வேணாம்மா. நான் யோசிச்சிட்டேன். வீடு போயிரும்."

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு நடந்தது இவளுக்கும் நடக்கும். ஒரு கடுதாசி கூடப் போட மாட்டானுங்க. திடீர்னு ஒரு நாள் வந்து வீட்டு வாசல்ல நிப்பானுங்க. யாரு மேல தப்பு? நம்ம மேலயா தப்பு?"

அவள் மேசைக்கு வந்து படிவத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். நிதானமாக, ஓரங்களைச் சேர்த்து. இன்னொரு முறை மடித்தால் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

"கடுதாசி வந்துச்சு" என்றேன்.

மகன் திரும்பினான். "என்ன கடுதாசி?"

"ஒன் கடன் கடுதாசி. வந்துச்சு. நான்தான் அலமாரில வெச்சிருந்தேன்."

"எத்தன?"

"பதினொண்ணு."

"எங்க இருக்கு?"

"எரிச்சிட்டேன்."

அவன் என்னையே பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சுலபமாகப் போயிருக்கும்.

"ஏம்மா எங்கிட்டக் குடுக்கல?"

"குடுத்தா என்னன்னு கேப்ப. படிக்கத் தெரியலன்னு சொல்லணும்ல."

"ஊர்ல ஒருத்தர் விடாம சொல்லிட்டு இருந்தேம்மா. இத்தன வருஷமா."

"தெரியும்."

அவன் எழுந்து வெளியே போனான். மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் சத்தம் கேட்கவில்லை. வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான் போல. மருமகள் என் பக்கம் வரவில்லை. மடித்த படிவத்தை விரித்து, உள்ளங்கையால் தேய்த்து, மேசையில் வைத்தாள். பிறகு கதவுவரை போய் அவனைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து சாப்பாடு போட்டாள். பிள்ளை முன்னமே சாப்பிட்டிருந்தது, எங்களுக்கு மூன்று தட்டு. ஒன்று அப்படியே ஆறியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கும் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. அவன் வேலைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் கார் இரவல் வாங்கி வைத்திருந்தான். என்னை முன்னால் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்கு ஓட்டினான். மருமகள் பின் இருக்கையில் வீட்டுப் பத்திரத்தை மடியில் வைத்திருந்தாள்.

சங்கத்தில் ஒரு சின்னப் பெண் படிவத்தைத் திருப்பித் திருப்பி, "இங்க, இங்க, அப்பறம் இங்க, ஆன்ட்டி" என்று பென்சிலால் புள்ளி வைத்தாள்.

"படிச்சுச் சொல்லு" என்றேன்.

"நாலு பக்கம் ஆன்ட்டி. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்." பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த முகம் இரண்டு.

"எனக்கு இந்த எழுத்துப் படிக்க வராது" என்றேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டது குரல்.

மகன் அவள் கையிலிருந்து படிவத்தை வாங்கினான். முதல் வரியிலிருந்து மலாயில் படித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். பின்னால் ஒருவர் சலித்துக்கொண்டு "அலமாக்" என்று முனகினார். அவன் நிறுத்தவில்லை.

"மூணு மாசம் தொடர்ந்து கட்டலன்னா ஜாமீன்காரர் பேருக்குக் கடிதம் வரும்."

"அப்பறம்?"

"ஆறு மாசம் ஆச்சுன்னா வீட்டு மேல நடவடிக்கை."

"அப்பறம்?"

"அவ்வளவுதாம்மா. அதுக்கு அப்பறம் ஒண்ணும் இல்ல."

மருமகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை. பென்சில் புள்ளிகளின் மேல் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்தில் சம்பளப் புத்தகத்தில் போட்டுப் பழகிய கையெழுத்து, கொஞ்சம் பெரியது, கோட்டுக்கு வெளியே போகும்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவள் சனி ஞாயிறு போய் வருகிறாள். மயக்க மருந்துப் பாடத்தில் நல்ல மதிப்பெண் என்றாள். சம்பளம் இன்னும் அதே ஆயிரத்து எண்ணூறுதான். முந்நூற்று எண்பது போனால் கையில் நிற்பது ஆயிரத்து நானூற்று இருபது. வீட்டில் மீன் வாங்குவது குறைந்துவிட்டது. நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிய இன்னும் எட்டு வருடம் வேண்டும், அத்தனை நாள் நான் இருக்க வேண்டும்.

மாதத் தவணையை மகன்தான் போய்க் கட்டுகிறான். அவனாகவே எடுத்துக்கொண்ட வேலை. கட்டிவிட்டு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரசீதைப் படிக்கிறான். தேதி, தொகை, மீதி, கீழே பொடி எழுத்தில் இருப்பது எல்லாம், ஒரு சொல் விடாமல். அக்கறையில் படிக்கிறானா, குத்திக்காட்டப் படிக்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரிவதில்லை. நான் கேட்கவில்லை. அவன் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.